ஃபாலோ

பலகை ஊறிப்போயிருந்தது.
மூன்று நாள் தண்ணீரில் கிடந்ததை
நூருதீன் தன் தையல்கடை ஓரம்
நிழலில் சாய்த்துவைத்தார்.
வெயிலில் வைத்தால் வளையும் என்றார்.
நிழலிலும் வளைந்தது.

வியாசர்பாடியில் எங்கள் சந்தில் மூன்று பேர்.
பெயர்களை இன்னும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.
முழங்கால் தண்ணீர், அறுந்த ஒயர்,
விடியற்காலை நாலரை.
தனசீலன் பால் வாங்கப் போனான்.
அவனைத் தூக்கப் போனவர் ஒருவர்.
அவரைத் தூக்கப் போனது ஒரு பையன்.

நான் மின்வாரியத்தில் கான்ட்ராக்ட் ஆள்.
அன்று டூட்டி பேசின் பிரிட்ஜ் பக்கம்.
இடுப்பளவு தண்ணீரில் நின்று
வேறொரு சந்துக்கு ஃபியூஸ் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
கேட்காமல் இருப்பதற்கு எங்கள் சந்தில்
ஒரு தனிச் சத்தம் உண்டு:
நான் நுழைந்ததும் குழாயடியில்
குடங்கள் மட்டும் பேசும்.

பிள்ளைகள் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள்.
ரப்பர் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு
விளக்கைப் போடுவார்கள்.
நிவாரணம் கொடுக்க வந்தவர்கள்
அது ஏதோ விளையாட்டு என்று சிரித்தார்கள்.

முப்பதாம் நாளோ என்னவோ,
சித்தார்த்தன் மன்றத்தைத் திறந்தான்.
பிஸ்கட் பெட்டிகளை ஓரமாக அடுக்கிவிட்டு
ஸ்டாண்டை விரித்தான்.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம்.
கறுப்புக் காயில் ஒன்று குறைந்தது;
கோட்டுப் பித்தான் ஒன்றை வைத்தார் நூருதீன்.

மூன்று பேர் உட்கார்ந்தோம்.
எனக்கு எதிரே தனசீலன் இடம்.
பதினோரு வருடம் அவன்தான் எனக்கு ஜோடி.
மூன்று பேரை வைத்து டபுள்ஸ் ஆட முடியாது என்று
யாருக்கும் சொல்ல வரவில்லை.
போரிக் பவுடரைத் தூவுவதும்
துடைப்பதும் மறுபடி தூவுவதுமாக இருந்தோம்.

லில்லிபுஷ்பம் உள்ளே வந்தாள்.
டோக்கன் கேட்கத்தான் என்று சித்தார்த்தன் எழுந்தான்.
அவள் ஸ்டூலை இழுத்தாள்.
புருஷன் மாதிரி இல்லை,
ஒரு தோளை முன்னால் தள்ளிக் குறுக்காக உட்கார்ந்தாள்.
"ஸ்டிரைக்கர் எங்க?"

முதல் போர்டை யாரும் ஆடவே இல்லை.
பாக்கெட் வாயில் உட்கார்ந்திருந்த காயை
நூருதீன் வேண்டுமென்றே தவறவிட்டார்.
அவள் நிமிர்ந்தாள்.
"சாவுக்கு வந்தா அழுங்க.
ஆட வந்தா ஆடுங்க."

ஆடினோம்.
வளைந்த பலகையில் காய் நேராகப் போய்
கடைசி நேரத்தில் மனம் மாறி வலப்பக்கம் சரியும்.
இரண்டே அடியில் அவள் அதைப் பிடித்துவிட்டாள்.
தப்பாகக் குறிவைத்தாள்;
சரியாக விழுந்தது.

நான் சிவப்பைப் போட்டேன்.
போட்டால் போதாது,
பின்னாலேயே ஃபாலோ விழ வேண்டும்.
இல்லையென்றால் சிவப்பு எழுந்து
மறுபடி நடுவுக்கு வந்துவிடும்.
ஃபாலோ ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது.
விட்டேன்.

"கைல இருந்தத வுட்டுட்டியே,
எங்க பாத்துனு இருந்த?"

"பேசின் பிரிட்ஜ்ல இருந்தேன்" என்றேன்.

மேலே பல்பு மட்டும் மெல்ல ஆடியது.
நூருதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவள் சிவப்பைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தாள்,
நடு வட்டத்தில் வைத்தாள்,
ஒரு விரலால் சரிசெய்தாள்.
"தெரியும். ஆடு."

அப்புறம் சித்தார்த்தன் சுண்டுவிரலால்
ஒரு காயை நகர்த்த, அவள் கையும் களவுமாகப் பிடிக்க,
அவன் அம்மா மேல் சத்தியம் செய்ய,
அம்மாக்காரியே ஜன்னலில் வந்து
"நகத்துனான், நான் பாத்தேன்" என்று கத்த,
சந்து முழுக்க அங்கே கூடி
ஆளுக்கொரு ரூல் பேசியது.
கொசு விரட்ட வந்தவரும் ஒரு ரூல் சொன்னார்.
குழாயில் தண்ணீர் வந்து நிரம்பி வழிந்ததை
யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் தோற்றோம்,
இருபத்தைந்துக்குப் பதினொன்று.

விளக்கை அணைக்க
வாசலில் ஒரு பையன் செருப்பைக் கழற்றினான்.
அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்
பவுடர் அப்பிய கையோடு.

காலையில் பார்த்தேன்,
கறுப்பு ஸ்விட்சின் மேல்
ஒரு வெள்ளை விரல்.